வாய்த்தண்ணி குடிச்ச கிழங்கு

எங்க எட்டாம் நம்பர் லைன்ல பொம்பளைக்குக் கோபம் வந்தா பேசக் கூடாது, தண்ணி எடுக்கணும். எடுக்கிறதுன்னா குடிக்கிறது இல்ல, ஒரு மடக்கு வாயில வாங்கிக்கிட்டு, கன்னம் ரெண்டும் உப்ப, உதட்ட இறுக்கி மூடிக்கிட்டு, எதிர்ல நிக்கிறவன் பேசித் தீர்க்கிற வரைக்கும் அப்படியே நிக்கணும். முழுங்கினா வயித்துல புண்ணு வரும், வீட்டுக்குள்ள துப்பினா வீடு வெளங்காது, அதனால பின்வாசல் வழியா வெளிய போய்த் துப்பிட்டு வந்து ஒண்ணுமே நடக்காத மாதிரி அடுப்ப ஊதணும். இதுக்குப் பேரு வாய்த்தண்ணி. எவன் கொண்டு வந்த சட்டம்னு கேட்காதீங்க. ஒரே தகரக் கூரைக்குக் கீழ பத்து வீட்ட ஒட்டிக் கட்டினானே வெள்ளைக்காரன், அவன் நடுச்சுவரக் கூரை வரைக்கும் எழுப்பாம முக்காவாசியில நிறுத்திட்டுப் போயிட்டான், முதல் வீட்டுல சொல்ற வார்த்தை பத்தாம் வீட்டுச் சோத்துல வந்து விழும், சண்டை வளரக் கூடாதேன்னு அன்னைக்கே ஆம்பளைங்க கூடிப் பேசி பொம்பளைங்களுக்கு ஒரு சட்டம் போட்டாங்க. ஆம்பளைங்களுக்கு என்ன சட்டம் போட்டீங்கன்னு அன்னைக்கும் எவளும் கேக்கல, ஏன்னா கேக்கணும்னு தோணினவ எல்லாம் வாயில தண்ணி வச்சிருந்தா.

எம்பேரு சிட்டம்மா. ஒன்பதாம் வீடு. முப்பது வருஷமா இந்தக் கரடிச்சோலை எஸ்டேட்டுல கொழுந்து எடுக்குறேன். கங்காணி ஏசினதுக்கு, கொழுந்து முத்தலா இருக்குன்னு கூடையக் கவுத்துக் கொட்டினதுக்கு, எம்புருஷன் வெள்ளையன் எனக்கு ஒரு வார்த்த சொல்லாம எம்மவளக் கொண்டுபோய் ஒரு குடிகாரன் கையில குடுத்ததுக்கு, இப்படி நான் வாயில வாங்கின தண்ணிய எல்லாம் ஒண்ணாச் சேத்தா பங்களாவுக்கு முன்னால இருக்கிற குளம் ரொம்பி வழியும். சொல்லும்போதே எனக்கு இப்பவும் பத்திக்கிட்டு வருது.

பத்தாம் வீடு அன்னக்கொடி மதினியோடது. கடைசி வீடுங்கறதால பக்கவாட்டுல ரெண்டு கட்டில் போடுற அளவுக்கு அவளுக்கு மண்ணு இருந்துச்சு. பீன்ஸ் போட்டா, முயல் தின்னுச்சு, உருளை போட்டா, பன்னி தோண்டுச்சு. ஒரு பங்குனி மாசம் பங்களாக் குப்பைக்குழியில யாரோ கொட்டி வச்சிருந்த ஒரு கிழங்க முந்தானையில கட்டிக்கிட்டு வந்தா. பாக்க இஞ்சி மாதிரி முண்டும் முடிச்சுமா இருக்கும், இஞ்சி வாசம் இருக்காது, கீறினா உள்ள வெள்ளையா இருக்கும். பங்களாவுல சமையல் பண்ற சவரிமுத்து அண்ணன் அதுக்கு ஒரு இங்கிலீஷ் பேரு சொன்னாரு, அது அவரு வாயிலயே நுழையல, எங்க வாயில எங்க நுழையப்போகுது, பழைய துரையோட பொண்டாட்டி வச்ச கிழங்குதானேன்னு துரைசாணிக் கிழங்குன்னு நாங்களே பேரு வச்சுக்கிட்டோம்.

அந்த வருஷம் மழை பொய்ச்சுப் போச்சு. பத்து வீட்டுக்கு ஒரே குழாய், காலையில அரை மணி நேரம் நூல் மாதிரி வரும், குடிக்கவும் கழுவவும் பத்தாத தண்ணியத் தோட்டத்துக்கு எவ ஊத்துவா? கிழங்கு முளைச்சு நாலு இலை விட்டு அப்படியே வாடி நின்னுச்சு. அப்பத்தான் மதினி எங்களக் கூப்பிட்டு, "ஏண்டி, நாளெல்லாம் கண்ட சாக்கடையில போய்த் துப்புறீங்களே, அந்தத் தண்ணிய எங்கிழங்குக்குத் துப்பினா என்ன? இலையில படாம தூருல துப்பணும், சரியா?"ன்னு கேட்டா. சரிதானேன்னு நாங்களும் போனோம். விடிஞ்சும் விடியாம ரெண்டு பேரு, மத்தியானச் சோத்துக்கு வரும்போது நாலு பேரு, சாயங்காலம் ஆம்பளைங்க கடையில இருந்து வீடு திரும்பினதுக்கு அப்புறம் வரிசையில நிக்குற அளவுக்குக் கூட்டம், கன்னம் உப்பின பொம்பளைங்களா வந்து குனிஞ்சு, மண்ண லேசாக் கையால பறிச்சு, பதமா தூருல துப்பிட்டு, மண்ண மூடிட்டுப் போனோம். வீட்டுல பிறந்த புள்ளைக்குக்கூட நாங்க அவ்வளவு முறையாப் பால் குடுத்தது இல்ல. அந்தச் செடி கூரையத் தாண்டி வளந்துச்சு, புரட்டாசியில சின்னச் சின்ன சூரியகாந்தி மாதிரி மஞ்சப் பூ பூத்துச்சு, மார்கழிப் பனியில காஞ்சுச்சு, தை மாசம் மதினி தோண்டிப் பாத்தா கூடை கூடையாக் கிழங்கு.

முதல் கிழங்க வேகவச்சு உப்பும் மிளகும் போட்டு அவ புருஷன் பெரியநாயகம் அண்ணனுக்குத் தட்டுல வச்சா. நான் சுவருக்கு இந்தப் பக்கம் வெள்ளையனுக்குச் சோறு போட்டுக்கிட்டு இருந்தேன். அண்ணன் ஒரு வாய் தின்னாரு, ரெண்டு வாய் தின்னாரு, மூணாவது வாயில அவரு வாய்க்குள்ள இருந்து என் குரல் வந்துச்சு. "எம்மவள அந்தக் குடிகாரனுக்குக் குடுக்க வாக்கு சொல்றதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்த கேட்டியாடா? பத்து மாசம் சுமந்தது நீயா நானாடா? நாளைக்கு அவ கண்ணக் கசக்கிக்கிட்டு வந்து நின்னா உன் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவ?" அட்சரம் பிசகாம, நான் பல்லக் கடிச்சுக்கிட்டு மென்னு துப்பின அதே வார்த்த, அதே மூச்சிரைப்பு. நான் சுவருக்கு மேல எட்டி, "அண்ணே, அது என்னுது, பதறாம மென்னு சாப்பிடுங்க"ன்னு சொல்லிட்டு, வெள்ளையன் தட்டுல ரசம் ஊத்தினேன். அவரு ரசத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. எம்மவ கண்ணக் கசக்கிக்கிட்டு வந்து நின்னு அப்ப நாலு வருஷம் ஆச்சு.

இதுல ஆச்சரியப்பட என்ன இருக்குன்னு எங்க பொம்பளைங்க யாருக்கும் புரியல. தண்ணி ஊத்தினா கிழங்கு வளரும், எந்தத் தண்ணி ஊத்தினோமோ அந்த ருசிதானே வரும்? ஒரு வாரத்துல எல்லா வீட்டுலயும் துரைசாணிக் கிழங்கு வெந்துச்சு. ரெண்டாம் வீட்டுக்காரன் தின்னா ஏழாம் வீட்டுக்காரி பேசினா, ஆறாம் வீட்டுக்காரன் தின்னா அவனோட செத்துப்போன ஆத்தா பேசினா, ஏன்னா அந்தச் சாக்கடை முன்ன ஒரு காலத்துல மதினி மண்ணு வழியாத்தான் ஓடுச்சு, அதுல எத்தனையோ வருஷத்து வாய்த்தண்ணி ஊறிக் கெடந்துச்சு. சுவருக்கு மேல பொம்பளைங்க குரல் குடுத்துக்கிட்டோம்: "ஏய், இது உன்னுதாடி?" "இல்லடி, நான் அவன நாயேன்னு சொல்லல, பன்னின்னு சொன்னேன்!" "அப்ப அது என்னுதுதான், நல்லாத்தான் சொல்லிருக்கேன்!" சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுச்சு. அந்தக் கிழங்குக்கு வாயுத்தொல்லை வேற உண்டு, பேசி முடிச்ச ஆம்பளைங்க விடிய விடிய வயித்தப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தானுங்க. தூக்கம் வராம இருந்த பொம்பளைங்க எல்லாம் அந்த மாசம் நல்லாத் தூங்கினோம். வீட்டுல இருந்த குழம்புத் தண்ணிய, அரிசி கழுவின தண்ணிய ஊத்தி வளத்த கிழங்கும் ரெண்டு மூணு இருந்துச்சு, அது வாயே திறக்கல, சப்புன்னு இருந்துச்சு, அத மாட்டுக்குப் போட்டோம்.

ஒரே ஒருத்தி குரல் மட்டும் எந்தக் கிழங்குலயும் வரல. அது அன்னக்கொடி மதினி குரல். "எனக்கு அப்படியென்ன கோபம் இருக்குது புள்ள, விடு"ன்னு அவ சொன்னா. நானும் நம்பிட்டேன். ஏமாந்தவ நான்.

அந்த மாசக் கடைசியிலதான் ஆபீசுல இருந்து அவளுக்குக் கடுதாசி வந்துச்சு. பத்தாம் வீட்டு அன்னக்கொடிக்கு வர்ற ஆவணியோட அம்பத்தெட்டு வயசு முடியுது, பேர எடுத்துருவோம், அதுக்குள்ள வீட்டக் காலி பண்ணணும், இல்லாட்டி வீட்டுல இருக்கிற ஒருத்தர் பேரக் கொழுந்து எடுக்கப் பதியணும். வீட்டுல இருக்கிறவங்க யாரு? பெரியநாயகம் அண்ணனுக்கு மருந்தடிச்சு மருந்தடிச்சு நெஞ்சு போயிருச்சு, பத்து அடி நடந்தா நாலு தரம் உக்காருவாரு. மிச்சம் அவங்க மக பூங்கோதை. பன்னெண்டாவது படிக்கிறா, நர்சு படிப்புக்குப் போகணும்னு ராவும் பகலும் புஸ்தகமும் கையுமா இருக்கிற புள்ள. வீடு வேணும்னா அந்தப் புள்ள கூடையத் தூக்கணும், அந்தப் புள்ள படிக்கணும்னா வீடு இல்ல. கடுதாசில இருந்தது இவ்வளவுதான்.

இதுல கொடுமை என்னன்னா, மதினிக்கு அம்பத்தெட்டே ஆகல. அவளுக்கு அம்பதுதான். லைன்ல எல்லாருக்கும் தெரியும். அவளுக்குப் பத்து வயசுல ஆத்தா செத்துப்போச்சு, ஆத்தா பேருல இருந்த வீடு போகாம இருக்க இவ பேர உடனே பதியணும், பத்து வயசுப் புள்ளையப் பதிஞ்சா கேஸ் ஆயிரும்னு, அவ அப்பன் தலையாட்ட, அன்னைக்கு இருந்த ரைட்டர் பதினெட்டுன்னு எழுதி வச்சான். எட்டு வருஷத்த ஒரே வரியில முழுங்கிட்டான். இப்ப அதே எட்டு வருஷத்த அந்தப் பக்கம் இருந்தும் முழுங்கப் பாக்குறானுங்க. மதினி ஆபீசுக்கு மூணு தரம் நடந்தா. மூணு தரமும் அந்தப் பெரிய புக்கத் திருப்பிக் காட்டி, "ரெக்கார்டுல இப்படித்தாம்மா இருக்கு, நாங்க என்ன பண்ண?"ன்னு கேட்டு அனுப்பினாங்க. எழுதினவன் கை யாரு கை? உங்க ஆபீசு கைதானேடா!

இதுக்கு நடுவுல எங்க ஆம்பளைங்க ஒரு வேல பண்ணினானுங்க. சோத்துல எது கெடக்குதோன்னு பயந்து பயந்து தின்னு இளைச்சுப்போய், ஒரு ஞாயித்துக்கிழம கோயில் முன்னாடி கூடி, இந்தக் கிழங்கு லைனுக்கு ஆகாது, வேரோட அழிச்சிரணும்னு முடிவு பண்ணினாங்க. யூனியன் தலைவரும் வந்திருந்தாரு. "பெண்கள் குரல் வெளியே வரட்டும் தோழர்களே"ன்னு முதல்ல கை தட்டினவரு அவருதான், மரியாதைக்கு ஒரு கிழங்கத் தின்னாரு, அவரு வாயில இருந்தே பதினோரு பொம்பளைங்க அவர ஏசினோம், தின்னு முடிச்சதும் அவரும் அழிக்கணும்னுட்டாரு. மண்வெட்டி எடுத்துட்டு வந்து மதினி தோட்டத்தக் கொத்தினானுங்க, கிழங்கத் துண்டு துண்டா வெட்டி எரு குழியில போட்டு மூடினானுங்க. மதினி வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. சூரியகாந்திச் செடியப் பிடுங்கினா சாகும், இது சாகாதுன்னு அந்த மடப்பயலுகளுக்குத் தெரியல. சுண்டுவிரல் அளவு துண்டு மண்ணுல கெடந்தா போதும், அது தனிச் செடி. மாசியில அந்த எரு நாலாம் காட்டுக்கும் அஞ்சாம் காட்டுக்கும் போச்சு, சித்திரையில தேயிலைக்கு நடுவுல, வழிநெடுக, ஆபீசு வாசல் வரைக்கும் துரைசாணிக் கிழங்கு முளைச்சு நின்னுச்சு. நடக்கணும்னு இருக்கிறத எவன் தடுப்பான்.

முன்ன வீட்டுக்குப் போற வரைக்கும் வாயில தண்ணிய வச்சிருக்கணும், இப்ப அந்தக் கஷ்டமும் இல்ல. கங்காணி குப்பாண்டி வரிசையில நின்னு ஏசுவான், நாங்க பாட்டில் தண்ணிய ஒரு மடக்கு வாங்குவோம், அவன் நகந்ததும் பக்கத்துல இருக்கிற செடி தூருல குனிஞ்சு ஊத்துவோம். எண்பது பொம்பளைங்க, பகல் முழுக்க. ஒவ்வொரு செடிக்கும் அவ அவ ஆளுன்னு ஆயிருச்சு, என் செடி அஞ்சாம் காட்டுப் பாறைக்குப் பக்கத்துல, அதுக்கு வேற எவ ஊத்தினாலும் எனக்குப் பிடிக்காது. இந்தக் கிழங்கு வருஷத்துக்கு ஒருக்காதான் கிழங்கு வைக்கும்னு சவரிமுத்து அண்ணன் சொன்னாரு. நாங்க ஊத்தின தண்ணிக்கு அது மாசம் பாக்கல, ஆடியிலயே மண்ணு வெடிச்சுக் கிழங்கு வெளிய தெரிஞ்சுச்சு.

பூங்கோதைக்கு நர்சு படிப்புக்கு இடம் கெடச்சுச்சு. ஆவணி மாசம் ஒரு திங்கக்கிழம காலேஜுல சேரணும், ஏழு மணி பஸ்ஸப் பிடிச்சா மத்தியானம் போய்ச் சேரலாம். அதே திங்கக்கிழம ஏழரைக்குப் பெரட்டுக்களத்துல, அதான் காலையில பேர் கூப்பிடுற இடத்துல, அவ பேரப் பதியணும்னு ஆபீசுல சொல்லிட்டாங்க. பெரியநாயகம் அண்ணன் இருமிக்கிட்டே, "ரெண்டு வருஷம் எடுக்கட்டும் அன்னம், அப்புறம் படிச்சுக்கலாம், கூரை இல்லாம எங்க போய்ப் படுக்குறது?"ன்னு கேட்டாரு. மதினி எழுந்து பானைக்குப் போனா, ஒரு மடக்கு எடுத்தா. பூங்கோதை அவ முன்னால வந்து நின்னு, "அம்மா, எனக்காக அதத் துப்பிட்டுப் பேசும்மா"ன்னா. மதினி தலைய ஆட்டிட்டுப் பின்வாசலுக்குப் போயிட்டா. அந்தப் புள்ள அடுப்பங்கரையில உக்காந்து சத்தமில்லாம அழுதத நான் சுவருக்கு மேல பாத்தேன். எனக்கு மதினி மேலயே கோபம் வந்துச்சு.

சனிக்கிழம பங்களாவுல விருந்து. டவுன்ல இருந்து கம்பெனி ஆளுங்க நாலு பேரு வந்திருந்தாங்க. மேனேஜர் துரை அவங்க முன்னாடி மதினிக்குப் பொன்னாடை போத்தி, நாப்பது வருஷம் உழைச்ச தாயின்னு போட்டோ பிடிச்சு, அந்தக் கையோட ஓய்வு பேப்பருல கைநாட்டு வாங்கலாம்னு ஏற்பாடு. விருந்துக்கு சூப்பு வைக்க அந்தக் கிழங்கு வேணும்னு துரை கேட்டாராம், அவங்க ஊருப்பக்கம் பெரிய ஓட்டல்ல எல்லாம் அதுக்குத் தனி மதிப்பாம். சவரிமுத்து அண்ணன் மதினிகிட்டதான் கேட்டாரு. "பாத்துக் குடு அன்னக்கொடி, எனக்கு வேல போயிரக் கூடாது"ன்னு சொன்னாரு. "எதுல எது இருக்குன்னு எனக்கென்னண்ணே தெரியும்"னு சொல்லிட்டு அவ வீட்டுத் தோட்டத்துல, பழைய சாக்கடை ஓடின இடத்துல, இடுப்பளவு தோண்டினா. ஆம்பளைங்க மண்வெட்டி எட்டாத ஆழம். அங்க இருந்து வந்த கிழங்கு கறுத்து, சின்னப்புள்ள விரல் மாதிரி மெலிசா இருந்துச்சு. நான் பாத்திரம் கழுவ ஆளா அண்ணன் கூடப் போயிருந்தேன், அதனால எல்லாத்தையும் கதவுக்குப் பின்னால நின்னு பாத்தேன்.

மதினியத் தின்பண்டம் வச்ச மேசைக்கு எதிர்ல, தோளுல பட்டு மாதிரி மினுக்குற துணியோட நிக்க வச்சிருந்தாங்க. உக்காரச் சொல்லல. பேப்பரும் மை டப்பாவும் தயாரா இருந்துச்சு. அவ வராந்தாக் குழாயில ஒரு மடக்கு வாங்கிக்கிட்டுத்தான் உள்ள வந்திருக்கா, கன்னம் உப்பி இருந்துச்சு, போட்டோ பிடிச்சவன் "சிரிங்கம்மா"ன்னான். துரை சூப்ப ஒரு ஸ்பூன் குடிச்சாரு, நல்லாருக்குன்னு விருந்தாளிங்கள பாத்துத் தலைய ஆட்டினாரு, அடுத்த ஸ்பூன்ல அவரு வாயில இருந்து ஒரு சின்னப்புள்ள குரல், மூக்க உறிஞ்சிக்கிட்டு:

"எனக்குப் பத்து வயசுதானுங்க சார். பதினெட்டு இல்லீங்க. எங்கம்மா செத்து மூணு நாளுதான் ஆகுது. எனக்கு மேச எட்டலீங்க, என்னையத் தூக்கி நிறுத்திக் கைநாட்டு வாங்குறீங்க. கூடை என்னைய விடப் பெருசா இருக்குதுங்க. நான் வரமாட்டேன். வீட்டுக்காக என்னையப் பிடிச்சுக் குடுக்கிறீங்களே, நீங்க எல்லாரும் நாசமாப் போவீங்க. எங்கப்பனும் நாசமாப் போவான்."

துரை வாயத் துடைச்சாரு. நிறுத்த முடியல, விருந்தாளிங்க முன்னாடி ஸ்பூனக் கீழ வைக்கிறது மரியாதை இல்லன்னு நெனச்சாரோ என்னவோ, மறுபடி குடிச்சாரு, மறுபடி அதே புள்ள அழுதுச்சு. கம்பெனி ஆளுங்க நாலு பேரும் ஸ்பூனத் தொடாம அவங்க கிண்ணத்துல தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. அவங்கள்ல மூத்தவரு கடைசியில, "பாவம்தான். ஆனா வாயால சொல்றதெல்லாம் ரெக்கார்டு ஆகாது இல்லையா?"ன்னு கேட்டாரு. துரை ஆமாம்னு பேப்பர மதினி பக்கம் தள்ளினாரு.

மதினி அந்தக் குரலக் கேட்டுக்கிட்டே நின்னா. நாப்பது வருஷம் கழிச்சு அது அவ காதுல விழுது. அவ அழுவான்னு நெனச்சேன். அவ அழல. மெழுகு போட்டுத் தேய்ச்ச அந்தச் செவப்புத் தரையில, துரை காலுக்கு ஒரு முழம் முன்னால, வாயில இருந்த தண்ணிய மொத்தமாத் துப்பினா. வீட்டுக்குள்ள துப்பினா வீடு வெளங்காதுன்னு சொன்னேனே, அது யாரு வீடு வெளங்காதுன்னு அவ பாத்துதான் துப்பியிருக்கணும்.

"எனக்கு அம்பது வயசு. நீங்க எழுதின எட்டு வருஷத்துல நான் பொறக்கவும் இல்ல, சாப்பிடவும் இல்ல, தூங்கவும் இல்ல. அது எங்க இருக்குன்னு காட்டுங்க, நான் கைநாட்டு வைக்கிறேன். காட்ட முடியாதுன்னா நான் இன்னும் எட்டு வருஷம் அந்த வீட்டுலதான் இருப்பேன். என்னையப் பிடிச்சுக் குடுத்த மாதிரி எம்புள்ளையப் பிடிச்சுக் குடுக்க மாட்டேன். கேட்டுச்சா?"

பொன்னாடைய எடுத்து மேசையில சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்துல போட்டுட்டு வெளிய போயிட்டா. "திங்கக்கிழம உம் பொண்ணு பெரட்டுக்கு வரல, உன் சாமான் ரோட்டுல கெடக்கும்!"னு துரை அவரோட சொந்தக் குரல்ல கத்தினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

அன்னைக்கு சாயங்காலம் அண்ணன் மறுபடி ரெண்டு வருஷம்னு ஆரம்பிச்சாரு. மதினி பானை இருக்கிற பக்கமே திரும்பல. "எங்கப்பனும் ரெண்டு வருஷம்னுதான் சொன்னான்"னா. பத்து வீடும் கேட்டுச்சு. அண்ணன் எழுந்து பூங்கோதை பெட்டிய இழுத்து வச்சுத் தூசி தட்டினாரு. திங்கக்கிழம காலையில அந்த மனுஷன் பூங்கோதை பெட்டியத் தலையில வச்சுக்கிட்டு, இருமி இருமி, நாலு தரம் வழியில உக்காந்து உக்காந்து பஸ் நிக்கிற இடத்துக்குத் தூக்கிட்டுப் போனாரு. நாங்க வேலைக்குப் போற துணியோடயே போய் அந்தப் புள்ளைய ஏத்தி விட்டோம். பஸ் திரும்பினதும் பெரட்டுக்களத்துக்கு நடந்தோம்.

துரையே வந்து நின்னாரு. கூட ரெண்டு ஆளுங்க, சாமான இழுத்துப் போட. "பொண்ணு எங்க?"ன்னாரு.

"பஸ்ஸுல"ன்னா மதினி.

துரை கங்காணியப் பாத்துத் தலைய ஆட்டினாரு. குப்பாண்டி புக்க விரிச்சு முதல் பேரக் கூப்பிட்டான். பதில் இல்ல. ரெண்டாவது, மூணாவது, இருபதாவது, எண்பது பேரையும் கூப்பிட்டான். எவளும் வந்தேன்னு சொல்லல. வாயில தண்ணி வச்சிருக்கோம்னு நெனச்சு, "துப்பித் தொலைங்கடி"ன்னான். நான் வாயத் தொறந்து காட்டினேன். "தண்ணியெல்லாம் இல்லய்யா. முதல்ல அன்னக்கொடியக் கூப்பிடு, அப்புறம் என்னையக் கூப்பிடு"ன்னேன். எண்பது பொம்பளைங்களும் அதையே சொன்னோம். சாமான் இழுக்க வந்த ரெண்டு ஆளுங்களும் லைனுக்குப் போனானுங்க, பத்தாம் வீட்டு வாசல்ல பெரியநாயகம் அண்ணனும் எம்புருஷன் வெள்ளையனும் குறுக்க உக்காந்திருந்தாங்களாம், திரும்பி வந்துட்டானுங்க. வெள்ளையன எவரும் கூப்பிடல, தானாத்தான் போயிருக்காரு.

மூணு நாள். கொழுந்து முத்தி, கையில எடுக்க முடியாத அளவுக்கு நின்னுச்சு, பேக்டரியில மிஷின் சும்மா கெடந்துச்சு, டவுன்ல இருந்து போன் மேல போன். ஆபீசு வழியாப் போறப்ப எல்லாம் நாங்க தண்ணி எடுக்காமலேதான் பேசிக்கிட்டுப் போனோம், கேக்க வேண்டியவங்களுக்கு எல்லாம் கேக்குற மாதிரி. நாலாம் நாள் காலையில துரை ஜீப்ப விட்டு இறங்காமலே, "கூப்பிட்டுத் தொலை"ன்னாரு. குப்பாண்டி புக்குல இல்லாத பேர, புக்கப் பாக்காமக் கூப்பிட்டான். மதினி "வந்தாச்சு"ன்னா. அப்புறம் நாங்க எல்லாரும் வந்தாச்சுன்னோம்.

ஆனா ஒண்ணு, ரெக்கார்ட மாத்தலையே! அவனுங்க வீம்பு அது. அன்னக்கொடி ஓய்வு, பத்தாம் வீடு காலி, பூட்டி சாவி ஆபீசுல இருக்குன்னு அந்தப் பெரிய புக்குல எழுதி கையெழுத்தும் போட்டு வச்சுட்டானுங்க. கம்பெனிக்கு அப்படித்தான் காட்டணுமாம். சம்பளத்த மட்டும் வேற நோட்டுல எழுதிக் குடுத்தானுங்க. இவ அந்த இல்லாத வீட்டுல எட்டு வருஷம் சோறு ஆக்கினா, இல்லாத பேருக்கு எட்டு வருஷம் வந்தாச்சுன்னு சொன்னா, பெரியநாயகம் அண்ணன அந்த வீட்டுல இருந்துதான் தூக்கினோம், அந்த வாசல்லதான் ஒப்பாரி வச்சோம்.

மதினிக்கு நெஜமான அம்பத்தெட்டு முடிஞ்ச அன்னைக்குப் பூங்கோதை வேன் பிடிச்சுக்கிட்டு வந்தா. கீழ ஒரு பெரிய ஆஸ்பத்திரியில நர்சா இருக்கா இப்ப. சாமான் எல்லாம் ஏத்தியாச்சு. மதினி வீட்டப் பெருக்கி, கதவப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகினா. அந்த நேரம் ஆபீசுல இருந்து புது ரைட்டர், நேத்து வந்த பையன் மாதிரி இருந்தான், மூச்சு வாங்க ஓடி வந்து, "அம்மா, வீட்டுச் சாவி?"ன்னு கைய நீட்டினான்.

"எந்த வீடு?"ன்னா மதினி.

"பத்தாம் வீடும்மா."

"உன் புக்கப் போய்ப் பாரு தம்பி. பத்தாம் வீடு காலியாகி எட்டு வருஷம் ஆச்சு, சாவி உங்க ஆபீசுல இருக்கு"ன்னு சொல்லிட்டு, அவ வேன்ல முன்சீட்டுல ஏறி உக்காந்து கதவச் சாத்தினா.